மதுரையிலிருந்து தனுஷ்கோடி வரை: கோடை விடுமுறைக்கு நாலு நாள் குடும்பப் பயணம்

கோடை விடுமுறை விட்டதும் மதுரையில் வீடு இருப்பவர்களுக்குப் போன் வரத் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து தங்கை, கோவையிலிருந்து மச்சான், பெங்களூரிலிருந்து பெரியப்பா மகன். கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைகளுக்குப் பழைய இடமெல்லாம் காட்டணும், கடல்லயும் குளிக்க வைக்கணும், அப்பா அம்மாவும் கூட வர்றாங்க. எப்படிப் போறது?" அவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தேறிய திட்டத்தை இங்கே எழுதுகிறேன். மதுரைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

மதுரையில் கடல் இல்லை. கடலைப் பார்க்க இரண்டு பாதைகள் உண்டு. கிழக்கே ராமநாதபுரம் வழியாக ராமேசுவரம், சுமார் 170 கிலோமீட்டர். தெற்கே தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி. தெற்குப் பாதையிலும் எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் நினைவுக்கோட்டை, மணப்பாடு கடற்கரை என்று அருமையான இடங்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டு பாதையையும் ஒரே பயணத்தில் சேர்க்காதீர்கள். பாதி நேரம் வண்டியிலேயே போய்விடும், பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். முதல் தடவை போகிறவர்களுக்குக் கிழக்குப் பாதைதான் என் சிபாரிசு. கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை பின்னால் போகும் கீழடியும், 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலமும் ஒரே சாலையில் அமைந்திருப்பது வேறெங்கும் கிடைக்காத வசதி.

வெயிலை வைத்துத்தான் திட்டம்

புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தை விரித்து, எந்த இடம் எதற்குப் பக்கம் என்று பார்த்து வரிசைப்படுத்துவார்கள். மார்கழியில் அது சரி. சித்திரை, வைகாசியில் தூரம் ஒரு பொருட்டே இல்லை, மணிதான் முக்கியம். கோயில் கல்தளமும் கடற்கரை மணலும் காலை ஒன்பதரை மணிக்கு மேல் காலை வைக்க விடாது. அதனால் நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை ஒரு திறந்தவெளி இடம். பத்திலிருந்து நாலு வரை கூரைக்குக் கீழே: அருங்காட்சியகம், சாப்பாடு, தூக்கம், அல்லது ஏசி வண்டியில் பயணம். நாலு மணிக்கு மேல் இன்னொரு திறந்தவெளி இடம். ஒரு நாளைக்குச் சுற்றிப் பார்க்க மூன்று இடம், அவ்வளவுதான்; மாலையில் காற்று வாங்கப் போவதும், கால் வலுவுள்ளவர்கள் மட்டும் போய்வருவதும் இந்தக் கணக்கில் இல்லை. நாலாவது இடத்தை யார் சேர்க்கச் சொன்னாலும் சேர்க்காதீர்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவரும் ஐந்து வயதுக் குழந்தையும் ஒரே வண்டியில் வரும்போது அந்த நாலாவது இடம்தான் மறுநாளைக் கெடுக்கும்.

தேதி குறிப்பது

மதுரையில் சித்திரைத் திருவிழா எப்போது என்று முதலில் காலண்டரைப் பாருங்கள். மீனாட்சி திருக்கல்யாணம், தேரோட்டம், சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் ஆற்றில் இறங்குவது என்று அந்த நாள்களில் நகரம் முழுக்க மனிதத் தலைகளாக இருக்கும். திருவிழாவைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் அது வேறு பயணம், அதற்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே அறை பிடிக்க வேண்டும். இடங்களைப் பார்க்க வருகிறீர்கள் என்றால் திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்து வாருங்கள்.

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அதற்குள் மாட்டாமல் ஏப்ரல் கடைசியில் போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் மேலே சொன்ன மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டால் சமாளித்துவிடலாம்.

ராமேசுவரத்துக்கு அமாவாசையன்று போகாதீர்கள். தர்ப்பணம் கொடுக்க ஊர் ஊராக வந்து இறங்குவார்கள். அறையும் கிடைக்காது, தீர்த்தமாடவும் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். வார நாள்களில் போவது எப்போதும் உத்தமம். கீழடி அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை என்பதையும் மனத்தில் வையுங்கள். செவ்வாயன்று மதுரையில் தொடங்கினால் புதன் கீழடி, வியாழன் தனுஷ்கோடி, வெள்ளி திரும்புவது என்று கணக்கு அழகாக வந்து உட்கார்ந்துவிடும்.

மீன் சாப்பிடத்தான் கடல்பக்கம் போகிறோம் என்பவர்களுக்கு ஒரு சேதி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது. நாட்டுப்படகும் கரைவலையும் மட்டும்தான். மீன் கிடைக்காது என்று அர்த்தமில்லை, வரத்து குறைவு, விலை கூடுதல். கடையில் உட்காரும் முன் அன்றைக்கு வந்தது என்ன என்று கேளுங்கள். நகரை, பாறை, முரல், கணவாய் என்று எது அன்று கரைக்கு வந்ததோ அதையே வாங்கிச் சாப்பிடுங்கள். ஐஸில் கிடந்த வஞ்சிரத்தைவிட அன்று பிடித்த சூடை எவ்வளவோ மேல்.

வண்டியும் அறையும்

பெரியவர்கள் கூட வந்தால் வாடகை வண்டி எடுங்கள். பேசும்போதே நாள் வாடகையா, கிலோமீட்டர் கணக்கா, டிரைவர் பேட்டா எவ்வளவு, டோல்கேட், பார்க்கிங் யார் பொறுப்பு என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். டிரைவர் இரவு படுக்க இடம் உண்டா என்றும் விடுதியில் கேளுங்கள். அதிகாலை நாலரைக்கு வண்டி எடுக்கப்போகிறவர் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், அது உங்கள் பாதுகாப்பு.

இளவட்டங்கள் மட்டும் என்றால் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்திலிருந்து ராமநாதபுரம், ராமேசுவரம் பேருந்துகள் இருக்கின்றன. ரயிலும் உண்டு. பாம்பன் பாலத்தில் ரயில் கடலுக்கு மேல் போகும் அந்த நேரத்துக்காகவே பிள்ளைகளை ஒரு தடவை ரயிலில் கூட்டிப்போக வேண்டும். கார் எடுத்திருந்தாலும் ராமநாதபுரத்தில் பிள்ளைகளோடு ஒருவர் ரயிலேறி ராமேசுவரத்தில் இறங்கிக்கொள்ளலாம். ரயில் நேரம் ஒத்துவந்தால் செய்து பாருங்கள்.

அறை பிடிக்கும்போது லிஃப்ட் உண்டா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, வண்டி நிறுத்த இடம் உண்டா, குழாய்த் தண்ணீர் உப்பா என்று நாலு கேள்வி கேளுங்கள். ராமேசுவரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் நெரிசல். பெரிய வண்டி என்றால் சற்றுத் தள்ளி அறை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கோயிலுக்குப் போவது சுலபம். ராமேசுவரத்தில் அறையே கிடைக்கவில்லையா, 55 கிலோமீட்டர் முன்னாலேயே ராமநாதபுரத்தில் தங்கிக்கொள்ளலாம்.

முதல் நாள்: மதுரை

மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் காலை ஆறு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. கோபுர வாசல்களுக்கு அருகில் வைத்துக்கொள்ள இடம் உண்டு என்றாலும், ஒரே ஒரு போனை மட்டும் எடுத்துப்போய் மற்றதை அறையிலேயே விட்டுவிட்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். வேட்டி, சேலை, சுடிதார், பேண்ட் எதுவும் சரி. அரைக்கால் சட்டையும் கையில்லாத சட்டையும் வேண்டாம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று உள்ளே நுழையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், கையில் போன் இருக்காது. பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டு அதற்கு நல்ல இடம்.

அந்தப் படிக்கட்டில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள் என்பேன். தெற்குக் கோபுரம் அங்கிருந்து முழுசாகத் தெரியும், இருக்கிற பதினான்கு கோபுரங்களில் உயரமானது அதுதான், சுமார் 170 அடி. காலை வெயில் உச்சியில் பட்டு, ஒவ்வொரு நிலையாகக் கீழே இறங்கும். மேலே இருக்கிற சுதைச் சிற்பங்களின் நிறம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வரும். சந்நிதிக்கு வரிசையில் ஓடுகிற அவசரத்தில் இதைத் தவறவிடுகிறவர்களே அதிகம். மதுரை வழக்கப்படி முதலில் அம்மன், அப்புறம் சொக்கநாதர். ஆயிரங்கால் மண்டபம் திறந்திருந்தால் கட்டாயம் உள்ளே போங்கள். 985 தூண்கள். பிள்ளைகளை எண்ணச் சொல்லி விட்டுவிடாதீர்கள், பாதியில் சண்டை வந்துவிடும்; ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு சிற்பத்தைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள்.

பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறப்பது மாலை நாலு மணிக்கு. அதற்குள் நீங்கள் எப்போதோ வெளியே வந்து டிபன் முடித்திருப்பீர்கள். பத்து மணிக்குத் தமுக்கம் பக்கம் காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் கோடைக்கால அரண்மனை அது, 1959இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தடித்த சுவர், உயரமான கூரை, சுற்றிலும் மரம். வெயிலுக்கு அங்கே இருப்பதே சுகம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அவர் மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது இதே மதுரையில், 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதி வீட்டில். இதை முதலில் சொல்லிவிட்டு அந்தத் துணியைக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளை கேள்வி கேட்கத் தொடங்கும்.

மதியம் சாப்பிட்டுத் தூங்குங்கள். மூன்றரைக்கு எழுந்து திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டியது. நாம் இப்போது பார்ப்பது அந்த அரண்மனையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் என்பதை உள்ளே போகும் முன் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அப்புறம் அந்தத் தூண்களைப் பார்த்தால் வாய் பிளப்பார்கள். மாலை ஒலி-ஒளிக் காட்சி அன்று உண்டா என்று நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொழுது சாய்ந்ததும் வண்டியூர் தெப்பக்குளம். மதுரைக்காரர்களுக்கு இதுதான் கடற்கரை. மைய மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்போது அங்கே வரும் காற்றுக்காகவே ஊர் கூடும். வரும் வழியில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு ஒன்பதரைக்குள் படுத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: கீழடி, ராமநாதபுரம், அரியமான்

கால் வலுவுள்ளவர்கள் காலையில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய்வரலாம். தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில். பெரியவர்கள் அந்த மரத்தடியில் உட்கார்ந்துகொள்ளட்டும். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. எட்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். முடியாதவர்கள் இதை விட்டுவிடலாம், குறையொன்றுமில்லை.

பத்து மணிக்குக் கீழடி அருங்காட்சியக வாசலில் இருங்கள். மதுரையிலிருந்து ராமநாதபுரம் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 2014இல் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை நாலாம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்துகிறது. அங்கே கிடைத்தவற்றைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டிய இந்த அருங்காட்சியகத்தில் 2023 மார்ச்சில் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். உறைகிணறு, கறுப்பு சிவப்புப் பானைகள், பெயர் கீறிய ஓடுகள், நூல் நூற்ற தக்களி, சூது பவள மணிகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது.

பிள்ளைகளோடு போகிறவர்கள் நேரே விளையாட்டுப் பொருள்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். ஓரம் ஒரே சீராக இருக்காது. ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்து, மறுபக்கம் சற்றுப் பல்லாக நிற்கும். யாரோ ஒரு சிறுவனோ சிறுமியோ தரையில் வைத்துத் தேய்த்தது. கூட வந்த அப்பத்தா, "நாங்க பாண்டி ஆட இப்படித்தானே தேய்ப்போம்" என்று சொல்வார். அந்த ஒரு பேச்சில் இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் கரைந்துவிடும். பகடைக்காய்களும் பக்கத்திலேயே இருக்கும். தேதி, கட்டம், அடுக்கு என்று பலகையில் எழுதியிருப்பதைப் பெரியவர்கள் பொறுமையாகப் படிக்கலாம். பிள்ளைகளுக்குச் சில்லும் பகடையும் போதும்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி வாக்கில் ராமநாதபுரம். உச்சி வெயிலை வண்டிக்குள் கழித்துவிடுகிறோம். சாப்பாடு முடித்து மூன்றரைக்கு ராமலிங்க விலாசம். சேதுபதி மன்னர்களின் அரண்மனை. ராமேசுவரம் போகிற அவசரத்தில் பத்தில் ஒன்பது வண்டி இதன் பக்கம் திரும்புவதில்லை, எனக்கு இதில் நிஜமான வருத்தம் உண்டு. சுவர், கூரை என்று இடம் விடாமல் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். ராமாயணக் காட்சிகள், போர்க்காட்சிகள், அந்தப்புரம், மன்னரைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள். தொப்பி வைத்த வெள்ளைக்காரர்களை நம்மூர் ஓவியர் எப்படிப் பார்த்திருக்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு கைவிளக்கு எடுத்துப்போனால் மூலைகளில் இருப்பதும் தெரியும், ஆனால் சுவரைத் தொட விடாதீர்கள்.

ஐந்து மணிக்கு அரியமான் கடற்கரை. ராமேசுவரம் சாலையில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வழியில் நுங்கும் பதநீரும் விற்பார்கள், நிறுத்திச் சாப்பிடுங்கள். இந்தப் பயணத்தில் பிள்ளைகள் குளிக்கப்போகும் கடல் இதுதான்.

எந்தக் கடலில் குளிப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரை நிலம் ஒரு நாக்கு போல நீண்டு கிடக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கில் இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கில் இருப்பதை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். கோடையில் காற்று தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். அதனால் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் நிலைமை தலைகீழ். ஆகக் கோடைப் பயணத்தில் குளியல் வடக்குப் பக்கத்தில் மட்டும். அரியமான் வடக்குப் பக்கம். ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும், அலை கணுக்காலளவு, கரையில் சவுக்குத்தோப்பு நிழல்.

அமைதியான கடல்தானே என்று பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்கள் போனைப் பார்க்கக் கூடாது. இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அவரும் தண்ணீரில், பிள்ளைக்கும் ஆழத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். இடுப்பளவுக்கு மேல் யாரும் போக வேண்டாம். மணல் அடியில் திருக்கை கிடக்கலாம், காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். சொறிமீன் பட்டுத் தோல் எரிந்தால் தேய்க்காதீர்கள். கடல்தண்ணீராலேயே கழுவிவிட்டு, வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குடித்தவர் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, அவர் வீட்டு மாப்பிள்ளையாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். இருட்டும் முன் கரையேறி, கொண்டுவந்த நல்ல தண்ணீரில் பிள்ளைகள் தலையை நனைத்துத் துடைத்து, உடை மாற்றி, இரவு ராமேசுவரம் போய்ச் சேருங்கள்.

மன்னார் வளைகுடாப் பக்கம் 21 தீவுகளைச் சேர்த்து கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்திருக்கிறார்கள். பவளப்பாறைத் துண்டு எதையும் எங்கேயும் எடுக்காதீர்கள், விற்றாலும் வாங்காதீர்கள். சட்டப்படி குற்றம்.

மூன்றாம் நாள்: தனுஷ்கோடி

ராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை இருபது கிலோமீட்டர் இருக்கும். 2017இல் முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு சொந்த வண்டியிலேயே போகலாம். சோதனைச் சாவடி எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முந்தின இரவே விடுதியில் கேட்டுக்கொண்டு, திறக்கும்போது அங்கே இருங்கள். மாலையில் இருட்டும் முன்பே எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பகலில் நிழல் கிடையாது. அதனால் காலைதான் ஒரே நல்ல நேரம். குடிதண்ணீர், குடை, தொப்பி, பிஸ்கட் எல்லாம் கையில் இருக்கட்டும். அறையிலேயே கழிப்பறை போய்விட்டு வாருங்கள். மே கடைசியில் காற்று பலமானால் மணல் சாலைமேல் வந்து விழும், அலை சாலையைத் தொடும். திருப்பிப் போகச் சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

முதலில் நேரே முனைக்குப் போங்கள். இடப்பக்கம் கடல் அசையாமல் கிடக்க, வலப்பக்கம் கடல் இரைந்துகொண்டிருக்கும். இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அங்கே கால் நனைக்கவும் இறங்காதீர்கள். இரண்டு கடலின் நீரோட்டமும் சேரும் இடம், கரையே சரிந்து உள்வாங்கும்.

திரும்பும் வழியில் பழைய ஊர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. அதற்கு முன் சென்னையிலிருந்து போட்மெயில் ரயிலில் வந்து, இங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்குப் போவார்கள். ரயில் நிலையம், தண்ணீர்த்தொட்டி, தேவாலயம் எல்லாம் இடிந்த சுவர்களாக நிற்கின்றன. தேவாலயச் சுவரை உற்றுப் பாருங்கள். செங்கல் இல்லை, பவளப்பாறைக் கல். பூப்போட்ட துணி மாதிரி அதன் கண்கள் தெரியும். ஏறிப் படம் எடுக்கிறார்கள், நீங்கள் செய்யாதீர்கள். அந்தச் சுவர்கள் இன்னும் எத்தனை வருடம் தாங்குமோ.

அதிர்ஷ்டம் இருந்தால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். தடைக்காலத்திலும் இது நடக்கும். ஆணும் பெண்ணுமாக இரண்டு வரிசையாக நின்று, இடுப்பில் கயிற்றை மாட்டிப் பின்னால் பின்னால் நடந்து இழுப்பார்கள். கடைசியில் இருப்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு முன்னால் ஓடி மறுபடி மாட்டிக்கொள்வார். ஆர்வத்தில் கிட்டே போகும் பையனை, "தள்ளி நில்லு தம்பி, கயிறு வெட்டிப்புடும்" என்று ஒரு பாட்டி அதட்டுவார். வலையின் மடி கரைக்கு வந்ததும் சூடையும் காரலும் வெள்ளியாகத் துள்ளும். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டு குடத்தில் நிரப்பும் பெண்களையும் அங்கே பார்க்கலாம். இருபுறமும் கடல் இருக்கிற இடத்தில் குடிநீர்! பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் வராதீர்கள். ஓலைக்கடைகளில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்புங்கள்.

பகலெல்லாம் ஓய்வு. நாலு மணிக்குப் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். அவர் பிறந்த வீடு மசூதித் தெருவில் இருக்கிறது, நேரம் இருந்தால் அதையும் பார்க்கலாம். பொழுது இறங்கும்போது ராமர் பாதம். மேட்டின் மேலிருந்து தீவு முழுதும் தெரியும்.

நாலாம் நாள்: தீர்த்தம், பாலம், வீடு

ராமநாதசுவாமி கோயிலில் வரிசை இதுதான்: முதலில் அக்னி தீர்த்தம் எனப்படும் கடலில் முழுக்கு, அப்புறம் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே 22 தீர்த்தம், பிறகு உடை மாற்றி தரிசனம். ஈர உடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள். காலை ஐந்தரைக்கே தொடங்கிவிடுங்கள். வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார்கள், தரை முழுக்க ஈரம். பெரியவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போங்கள், பாசி வழுக்கும். மாற்றுடையோடு ஒருவர் வெளியே காத்திருப்பது நல்லது. பணம், பை எல்லாம் அவரிடமே இருக்கட்டும். தரிசனம் முடிந்து மூன்றாம் பிரகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். 1,212 தூண்கள். வெளியே எவ்வளவு காய்ந்தாலும் அந்தப் பிரகாரத்தில் காற்று ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஒன்பது மணி வாக்கில் கிளம்பிப் பாம்பன். சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள். கரையில் நிறுத்திவிட்டு ஓரமாக நடந்து போய்ப் பாருங்கள். காற்று தொப்பியைப் பறித்துவிடும், போனை இறுகப் பிடியுங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் நடுவில் இரண்டாகப் பிரிந்து கப்பலுக்கு வழிவிட்டு வந்தது; 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. 1964 புயலில் சிதைந்த அதை 46 நாளில் சரிசெய்தார்கள், அந்தப் பணிக்குப் பொறுப்பாக இருந்தவர் ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும்பும்.

நேரம் இருந்தால் ராமநாதபுரத்துக்குத் தெற்கே திருப்புல்லாணி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, ராமர் தர்ப்பைமேல் சயனித்த கோலம் இங்கே விசேஷம். நடை சாத்துவதற்குள், பதினொன்றரைக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும். அப்புறம் சாப்பிட்டுவிட்டு மதுரைச் சாலையைப் பிடியுங்கள்.

வாங்கிப் போக இரண்டு பொருள்கள் சொல்வேன். ராமநாதபுரம் குண்டு மிளகாய். அரைக் கிலோ போதும், சாம்பாருக்கு வறுத்துப் பொடித்தால் மணம் தனி. இன்னொன்று மானாமதுரைத் தண்ணீர்ப் பானை. கச்சேரியில் வாசிக்கும் கடம் செய்கிற ஊர் அது, மண்ணும் கைவேலையும் அப்படி. பைபாஸிலிருந்து ஊருக்குள் இறங்கி, விரல் கணுவால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிப்பதை எடுங்கள். மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கும். வைக்கோல் சுற்றித் தரச் சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் முதல் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து குடிக்கலாம்.